"அவருடைய அற்புதங்களெல்லாம் எங்கே?" கிதியோனின் கேள்வியிலேயே நிற்கிறேன்

சூரைச்செடி (இழையைத் தொடங்கியவர்)

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மாதத்துக்கு முன் என் அக்கா இறந்துபோனாள். புற்றுநோய். சபையே சேர்ந்து ஜெபித்தது, உபவாசம் இருந்தது, யாக்கோபு 5:14-ல் சொல்லியிருக்கிறபடி மூப்பர்கள் வந்து எண்ணெய் பூசினார்கள். அதே வார்டில் இரண்டு கட்டில் தள்ளி எங்கள் சபையைச் சேர்ந்த இன்னொரு சகோதரியும் இருந்தார். அவர் சுகமாகி வீட்டுக்குப் போனார். சில வாரம் கழித்து ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகள். ஆனால் சாட்சி முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்து, "அவங்க வீட்டில எல்லாரும் ஒரே விசுவாசமா இருந்தாங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னாரோ என்னவோ, எனக்குத் தீர்ப்பு மாதிரி விழுந்தது.

ஏனென்றால் நான் ஒருநாள் சந்தேகப்பட்டேன். இரண்டாவது ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்த இரவு, படிக்கட்டில் உட்கார்ந்து, "இனி நடக்காது" என்று மனசுக்குள் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் வழக்கம்போல் அவளுக்காக ஜெபித்தேன். அந்த இரவைப் பற்றி வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. இங்கேதான் முதல்முறை எழுதுகிறேன்.

இப்போது வாலிபர் கூட்டத்தில், மீதியானியர் கையிலிருந்து இஸ்ரவேலை மீட்ட கிதியோனைப் பற்றிப் பேச என் முறை வந்திருக்கிறது. நியாயாதிபதிகள் 6-ஐத் திறந்தால் 13-ஆம் வசனத்தைத் தாண்ட முடியவில்லை. "கர்த்தர் எங்களோடே இருந்தால், இவையெல்லாம் எங்களுக்கு நேரிடுவானேன்?" அப்புறம், பிதாக்கள் விவரித்துச் சொன்ன "அவருடைய அற்புதங்களெல்லாம் எங்கே?" இதைத்தான் நான் ஐந்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு கேள்வி. வேதத்தில் யாராவது சந்தேகத்திலிருந்து விசுவாசத்துக்கு உண்மையிலேயே வந்திருக்கிறார்களா, வந்தால் எப்படி? இரண்டாவது, என்னுடைய அந்த ஒரு இரவுதான் காரணமா?

---

கன்மலை

தம்பி, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் வேதத்தை மாற்ற முடியாது. மாற்கு 6:5, 6 பாருங்கள். தம்முடைய ஊரிலே இயேசுவால் பலத்த செய்கை ஒன்றும் செய்ய முடியாமல் போனது அவர்களுடைய அவிசுவாசத்தினால். 2 இராஜாக்கள் 7-ல், சீரியர் முற்றுகையால் பஞ்சத்தில் கிடந்த சமாரியாவில் நாளைக்கே மாவு மலிவாகக் கிடைக்கும் என்று எலிசா சொன்னதைச் சந்தேகித்த பிரதானி என்ன ஆனான்? மாவைக் கண்ணால் கண்டான், சாப்பிடாமல் செத்தான். சந்தேகம் சாதாரண விஷயம் இல்லை. மனந்திரும்பி ஜெபியுங்கள், கர்த்தர் மன்னிப்பார்.

---

வெறும்தாள்

ஐந்து மாதத்துக்கு முன் அக்காவைப் பறிகொடுத்தவரிடம் "மனந்திரும்பு" என்கிறீர்களே. வாழ்க.

---

ஒத்தவாக்கியம்

கன்மலை அண்ணே, நீங்கள் காட்டிய வசனங்கள் சரி. ஆனால் இரண்டையும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கிதியோன், ஏனென்றால் தம்பி அதைத்தான் பேசப்போகிறார்.

பயல் கோதுமையை எங்கே போரடிக்கிறான் என்று கவனித்தீர்களா? ஆலையில். திராட்சப்பழம் மிதிக்கிற ஆலை என்பது பாறையில் வெட்டிய தொட்டி. களத்தில் போரடித்தால் காற்று பதரை அடித்துக்கொண்டு போகும், தானியம் தனியே விழும். தொட்டிக்குள் காற்று ஏது? மீதியானியர் கண்ணில் படக்கூடாது என்று, தூசியும் பதரும் மூஞ்சியில் விழ, ஒரு குழிக்குள் குனிந்து அடித்துக்கொண்டிருக்கிறான். ஏழு வருஷமாக நாடு அப்படி இருந்தது. அவனைப் பார்த்துத் தூதன், "பராக்கிரமசாலியே" என்கிறான்! நான் பல வருஷம் இதை மரியாதைச் சொல்லாக வாசித்தேன். இப்போது வாசித்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. அவனுக்கும் எரிச்சல் வந்திருக்கும், அதனால்தான் 13-ஆம் வசனம் அவ்வளவு சூடாக வெடிக்கிறது.

இந்தச் சந்தேகத்துக்குப் பதிலாக வசனம் என்ன சொல்கிறது? "ஏன் நேரிட்டது" என்ற கேள்விக்கு விடையே இல்லை. கண்டிப்பும் இல்லை. "உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ" என்று ஒரு வேலை கிடைக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு அடையாளங்களை எண்ணுங்கள். முதலில் கற்பாறையிலிருந்து அக்கினி எழும்பி இறைச்சியையும் அப்பங்களையும் பட்சிக்கிறது. இதைக் கண்ணால் பார்த்தவன்தான், பாகாலின் பலிபீடத்தை இடிக்கச் சொன்னபோது, பகலில் பயந்து இராத்திரியில் போய் இடிக்கிறான். அடுத்தது தோல். களத்தில் ஒரு ஆட்டுத்தோலை விரித்து வைத்து, தரை காய்ந்திருக்கத் தோல் மட்டும் பனியில் நனையவேண்டும் என்று கேட்கிறான். முதல் இரவு தோல் மட்டும் நனைந்தது, பிழிந்தால் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர். அதோடு முடிந்ததா? கம்பளி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தரை சீக்கிரம் காய்ந்துவிடும் என்று அவனே யோசித்திருக்க வேண்டும். மறுநாள், "கோபம் வேண்டாம், இன்னும் ஒரே ஒரு தரம்" என்று தலைகீழாகக் கேட்கிறான். தோல் காய்ந்திருக்கிறது, தரை முழுவதும் பனி. ஆக மூன்று அடையாளம்.

பயம் தீர்ந்ததா? தீரவில்லை! 32,000 பேரில் 22,000 பேர் வீட்டுக்குப் போய், மீதி 10,000-மும் 300 ஆகக் குறைந்த அந்த இரவில் கர்த்தர் அவனிடம் சொல்வது: "போகப் பயப்பட்டாயானால்", வேலைக்காரன் பூராவைக் கூட்டிக்கொண்டு பாளயத்துக்குப் போ, அவர்கள் பேசுவதைக் கேள். போகிறான். அவன் பயந்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அங்கே ஒரு எதிரி தன் தோழனிடம் சொப்பனம் சொல்லிக்கொண்டிருக்கிறான். சுட்டிருந்த ஒரு வாற்கோதுமை அப்பம் உருண்டு வந்து கூடாரத்தைக் கவிழ்த்ததாம். கேட்டவன் இது கிதியோனின் பட்டயமே என்கிறான். அதைக் கேட்டதும்தான் கிதியோன் பணிந்துகொள்கிறான்.

என் கண்ணுக்குப் படுவது இதுதான். அவன் கேட்டு வாங்கிய அடையாளங்கள் அவனைத் தேற்றவில்லை. கேட்காதது தேற்றியது. அதுவும் எதிரியின் வாயிலிருந்து, ஏழைகள் சாப்பிடுகிற ஒரு ரொட்டியைப் பற்றிய கனவாக, கூடாரத்துக்கு வெளியே இருட்டில் ஒட்டுக்கேட்கும்போது.

---

வெறும்தாள்

ஒத்தவாக்கியம், நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் கதையை 7-ஆம் அதிகாரத்தில் முடித்துவிட்டீர்களே. அடுத்த அதிகாரத்தில் இதே ஆள் கொள்ளையில் கிடைத்த 1,700 சேக்கல் பொன்னில் ஒரு ஏபோத் (ஆசாரியர் அணிகிற உடை) செய்து தன் ஊரான ஒப்ராவில் வைத்தான், ஊரே அதன் பின்னால் போனது. நான்கு அற்புதமும் ஒரு வெற்றியும் பார்த்தவன் செய்த வேலை அது.

நான் விசுவாசி இல்லை என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் இந்தப் புத்தகத்தை நாற்பது வயதுவரை வாசித்தவன். அதில் அற்புதம் விசுவாசத்தை உண்டாக்குவதே இல்லை. செங்கடலைக் கடந்து மூன்றாம் நாள் தண்ணீருக்காக முறுமுறுக்கிறார்கள். கர்மேலில் அக்கினி இறங்கியதைப் பார்த்த எலியா அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின்கீழ்ப் படுத்துச் சாகவேண்டும் என்கிறார் (இழை தொடங்கியவரின் பெயர் அங்கிருந்துதானே?). லாசரு கல்லறையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தவர்களில் சிலர் நேராகப் பரிசேயரிடம் போய்ச் சொல்கிறார்கள். அடுத்த அதிகாரத்தில் லாசருவையும் கொல்ல ஆலோசனை. லூக்கா 16:31-ல் இயேசுவே ஒப்புக்கொள்கிறார், மரித்தோரிலிருந்து ஒருவன் எழுந்து போனாலும் நம்பமாட்டார்கள் என்று.

அப்படியானால் அற்புதம் எதற்கு? இன்னொன்று. எழுதியவர்கள் எல்லாரும் ஏற்கெனவே நம்பியவர்கள். யோசுவாவின் கதையில் மதில் இடிந்து விழுகிற எரிகோவில் 1950-களில் தோண்டிய அகழாய்வாளர் கேத்லீன் கென்யன், யோசுவாவின் காலம் என்று பொதுவாகச் சொல்லப்படும் காலத்தில் அங்கே விழுவதற்கு மதிலே இல்லை என்றுதான் முடிவு சொன்னார்.

---

கன்மலை

அவருக்கு மறுப்பு எழுதியவர்களும் உண்டு. இதே தோண்டுகிறவர்கள்தான் யோவான் 5-ல் வரும் ஐந்து மண்டபமுள்ள குளத்தையும் எருசலேமில் கண்டுபிடித்தார்கள். சீலோவாம் குளத்தின் படிகள் 2004-ல் வெளிவந்தன. அதையும் சொல்லுங்கள்.

---

வெறும்தாள்

குளம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். குளம் இருந்ததால் 38 வருஷம் படுத்திருந்தவன் எழுந்து நடந்தான் என்று ஆகிவிடாது. நீங்களும் நானும் இதைப் பத்து இழையில் பேசியாயிற்று.

---

நடத்துநர்

அகழாய்வுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள். தம்பி கேட்டது வேறு.

---

ஞாயிறுப்பள்ளி டீச்சர்

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டே இருந்தேன், கண்ணாடி உடைந்துபோனதால் எழுத முடியவில்லை. இப்போது பேத்தியின் டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

தம்பி, படிக்கட்டில் உட்கார்ந்து நீ மனசுக்குள் சொன்னதை ஆபிரகாம் முகங்குப்புற விழுந்துகொண்டே சொன்னார். ஆதியாகமம் 17:17. நூறு வயதுக்காரனுக்குப் பிள்ளையா, தொண்ணூறு வயதான சாராள் பெறுவாளா என்று நகைத்தார். அடுத்த அதிகாரத்தில் சாராள் கூடார வாசலுக்குப் பின்னால் நின்று நகைக்கிறாள். பிடிபட்டதும் "நான் நகைக்கவில்லை" என்று பொய் சொல்கிறாள், "இல்லை, நீ நகைத்தாய்" என்று பதில் வருகிறது. சண்டே கிளாஸில் இந்த இடத்தில் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் சிரிப்பார்கள். நானும் சிரிக்க விட்டுவிடுவேன், அந்தக் கதை சிரிக்க வேண்டிய கதைதானே.

பிள்ளை பிறந்தது. பேர் ஈசாக்கு, எபிரெயத்தில் "அவன் சிரிக்கிறான்". நம்பாமல் சிரித்த சிரிப்பையே பிள்ளைக்குப் பேராக வைத்தார்கள். வாழ்நாள் முழுக்க அந்த அம்மா பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் தன் அவிசுவாசத்தையும் கூப்பிட்டிருக்கிறாள். ஆனால் அதில் அவமானம் இல்லை. "தேவன் என்னை நகைக்கப்பண்ணினார்" என்கிறாள் 21-ஆம் அதிகாரத்தில்.

பிறகு எபிரெயர் 11-ஐ எடுத்துப் பார். விசுவாச வீரர் பட்டியல் என்கிறோம். சாராள் இருக்கிறாள். கிதியோனும் இருக்கிறான், 32-ஆம் வசனம். சிரிப்பும் இல்லை, தோலும் இல்லை, பேர் மட்டும் இருக்கிறது. ரோமர் 4-ல் பவுல் ஆபிரகாமைப் பற்றி எழுதும்போது, அவர் அவிசுவாசமாய்ச் சந்தேகப்படவில்லை என்கிறார். பவுலுக்கு 17:17 தெரியாதா? ஆதியாகமத்தை மனப்பாடமாக வைத்திருந்தவர். தெரிந்துதான் எழுதினார். உன் ஒரு இரவை வைத்து உன்னைக் கணக்குப் பார்க்கிறவர் அவர் இல்லை.

---

சூரைச்செடி

டீச்சர், நன்றி. சாராள் பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பல நாள் கழித்து அம்மா லேசாகச் சிரித்தாள்.

ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன், சாராளுக்குப் பிள்ளை பிறந்தது. கிதியோன் ஜெயித்தான். சந்தேகப்பட்டார்கள், ஆனாலும் நடந்தது. எனக்கு நடக்கவில்லையே. வெறும்தாள் சார் சொன்னதும் மண்டைக்குள் சுற்றுகிறது. கன்மலை அண்ணன் காட்டிய மாற்கு 6 அதைவிட அதிகமாகச் சுற்றுகிறது. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

---

ஒத்தவாக்கியம்

மன்னிக்கவும் தம்பி, வாக்குக் கொடுத்துவிட்டு மறந்தேன்.

மாற்கு 6:5-ஐ முழுதாக வாசியுங்கள். அங்கே சில நோயாளிகள்மேல் கைகளை வைத்து அவர்களைக் குணமாக்கினார் என்று அதே வசனத்தில் இருக்கிறது. அவிசுவாசமான ஊரிலும் சிலர் சுகமானார்கள். அங்கே இருந்த அவிசுவாசம் எப்படிப்பட்டது? "இவன் தச்சன் அல்லவா" என்ற ஏளனம். தெரிந்த பையன்தானே என்ற இளக்காரம். படிக்கட்டில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அழுகிறவனின் தளர்ச்சிக்கு அந்த வசனத்தில் இடமே இல்லை.

சமாரியாவின் பிரதானி செத்தான், உண்மை. அந்தக் கதையின் கூர்மையை நான் மழுக்கப் போவதில்லை. ஆனால் அவன் சந்தேகம் மாவை நிறுத்தவில்லை! ஊர் முழுக்கச் சாப்பிட்டது. சொல்லப்போனால் அந்த இரவில் யாரும் நம்பவில்லை. வாசலில் இருந்த நான்கு குஷ்டரோகிகள் விசுவாசத்தில் போகவில்லை, கணக்குப் போட்டுப் போனார்கள்: இங்கே இருந்தாலும் சாவு, ஊருக்குள் போனாலும் சாவு, சீரியர் பாளயத்துக்குப் போனால் ஒருவேளை பிழைப்போம். போனால் பாளயம் காலி. ராஜாவுக்குச் செய்தி போனபோது அவனும் நம்பவில்லை, சூழ்ச்சி என்றான்.

சுகம் பெற்றவர்களின் பட்டியலைப் பார்த்தாலும் இதே கதைதான். நாயீன் ஊர் விதவையிடம் விசுவாசம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அவள் எதையும் கேட்கக்கூட இல்லை, செத்த மகனின் பாடை வழியில் வந்தது, இயேசு எழுப்பினார், அவ்வளவுதான். 38 வருஷம் படுத்திருந்தவனுக்குத் தன்னைக் குணமாக்கியவர் யாரென்றே தெரியாது. திமிர்வாதக்காரன் விஷயத்தில் இயேசு பார்த்தது கூரையைப் பிரித்து இறக்கியவர்களின் விசுவாசத்தையும் சேர்த்து. விசுவாசத்துக்குப் பலன் உண்டு என்று வேதம் சொல்கிறது, நானும் சொல்கிறேன். இத்தனை கிராம் போட்டால் இத்தனை அற்புதம் வரும் என்ற தராசு எனக்கு எங்கேயும் தென்படவில்லை.

---

மெழுகுத்திரி

குறுக்கே வருகிறேன். நான் கத்தோலிக்கன். உங்கள் வேதாகமம் விசுவாசம் என்கிற இடத்தில் எங்கள் திருவிவிலியம் பெரும்பாலும் நம்பிக்கை என்கிறது. இந்த வித்தியாசம் எனக்கு ஒரு காலத்தில் உதவியது. விசுவாசம் என்றால் என்னிடம் இருக்கிற ஏதோ ஒரு சரக்கு, அளந்து பார்க்கலாம் என்று தோன்றும். நம்பிக்கை என்றால் ஒரு ஆளை நம்புவது. "அவன்மேல் எனக்கு நம்பிக்கை" என்கிறோமே, அது.

தோமாவை "சந்தேகத் தோமா" என்றே ஒதுக்கிவிட்டோம். யோவான் 11:16-ல் "அவரோடே மரிக்கும்படி நாமும் போவோம்" என்றவர் அவர்தான், அதை யாரும் நினைப்பதில்லை. உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்த ஆளுக்குத்தான் ஏமாற்றம் அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கும். இயேசு உயிர்த்தெழுந்ததை எட்டு நாள் அவர் நம்பாமல் இருந்தார். அந்த எட்டு நாளும் மற்றவர்கள் அவரைத் துரத்தவில்லை, அவரும் விட்டுப் போகவில்லை. எட்டாம் நாள் அதே வீட்டுக்குள் அவர்களோடே இருந்தார் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். ஓவியங்களில் விரலைக் காயத்துக்குள் விடுவதுபோல வரைகிறார்கள். வசனத்தில் அவர் தொட்டதாகவே இல்லை. "என் ஆண்டவரே! என் தேவனே!" என்று சொன்னதாக மட்டும் இருக்கிறது.

---

வெறும்தாள்

தொடவில்லை என்பது நல்ல கவனிப்பு. எனக்கே இதுவரை தெரியாது.

---

ஞாயிறுப்பள்ளி டீச்சர்

தம்பி, "எனக்கு நடக்கவில்லையே" என்றாய். அதை வாசித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போஸ்தலர் 12-ஐ எடுத்துக்கொள். கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசி.

இரண்டாம் வசனம். ஏரோது ராஜா, யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினால் கொலைசெய்தான். கிரேக்கத்தில் ஏழே சொல் என்று எங்கள் போதகர் ஒருமுறை காட்டினார். அவ்வளவுதான் யாக்கோபின் மரணம். இத்தனைக்கும் அவர் யார்? மறுரூப மலையில் கூட இருந்த மூவரில் ஒருவர். யவீருவின் மகள் எழுந்ததை அறைக்குள் நின்று பார்த்தவர். அவருக்குத் தூதன் வரவில்லை.

மூன்றாம் வசனத்திலிருந்து பேதுரு. வகுப்புக்கு நான்கு போர்ச்சேவகராக நான்கு வகுப்பு, பதினாறு பேர் காவல். இரண்டு சங்கிலி. தூதன் வருகிறான், விலாவில் தட்டி எழுப்புகிறான், சங்கிலி விழுகிறது, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. பேதுருவே இது நிஜம் என்று நம்பவில்லை, தரிசனம் காண்கிறேன் என்று நினைத்தார். நேராக மாற்குவின் தாய் மரியாள் வீட்டுக்கு வருகிறார். உள்ளே அநேகர் கூடி அவருக்காகத்தான் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரோதை என்று ஒரு பெண். கதவண்டை வருகிறாள், குரலை அடையாளம் கண்டுகொள்கிறாள், சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். "பேதுரு வாசலில் நிற்கிறார்" என்கிறாள். ஜெபித்துக்கொண்டிருந்த சபை என்ன சொன்னது தெரியுமா? "நீ பிதற்றுகிறாய்." அவள் சாதிக்கிறாள். அப்புறமும் நம்பவில்லை, அது அவருடைய தூதனாயிருக்கும் என்கிறார்கள். பேதுரு வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கிறார்!

அந்த அறைக்குள் ஒருவருக்காவது "நடக்கும்" என்ற விசுவாசம் இருந்ததா? இருந்தால் அந்தப் பெண்ணைப் பைத்தியம் என்று சொல்வார்களா? சில நாளைக்கு முன்னால்தான் யாக்கோபைப் புதைத்திருக்கிறார்கள். அவருக்காகவும் ஜெபித்திருக்க மாட்டார்களா? "இனி நடக்காது" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் முழங்காலில் இருந்திருக்கிறார்கள். ஆனாலும் பேதுரு வந்தார்.

அவர்களுடைய விசுவாசம் பேதுருவைக் கொண்டுவரவில்லை என்றால், அவர்களுடைய சந்தேகம் யாக்கோபைக் கொல்லவும் இல்லை. ஏரோது கொன்றான். உன் அக்காவை நோய் கொன்றது. நீ இல்லை. அந்தப் படிக்கட்டு இல்லை.

யாக்கோபு ஏன், பேதுரு ஏன் என்று கேட்டால் லூக்கா எழுதவில்லை. எனக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் போய் 19 வருஷம் ஆகிறது, இன்னும் தெரியாது.

---

வெறும்தாள்

டீச்சர் அம்மா, உங்களோடு வாதாட மனசு வரவில்லை, இருந்தாலும் பழக்கம். அதே அதிகாரத்தின் கடைசியில் ஏரோது சாகிறான். அவன் செசரியாவில் மக்கள் தன்னைத் தேவன் என்று கூவிய நேரத்தில் நோயில் விழுந்து செத்ததை முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸும் எழுதியிருக்கிறார். சிறைக்கதவு திறந்ததை அவர் எழுதவில்லை. அவ்வளவுதான் என் வாதம்.

ஆனால் ஒன்று. கட்டுக்கதை கட்டுகிறவன் ஜெபிக்கிற சபையை இப்படிக் கோமாளியாக்கி எழுத மாட்டான். கதாநாயகனை வாசலில் நிறுத்திவைக்கவும் மாட்டான். மத்தேயுவின் கடைசியிலும் உயிர்த்தவரை நேரில் பார்த்துப் பணிகிற நேரத்தில் "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று வருகிறது. இதை எதற்கு எழுதிவைத்தார்கள் என்பது எனக்குப் பல வருஷமாக உறுத்துகிற விஷயம். இதனால் நான் நம்பிவிடப் போவதில்லை. உறுத்துகிறது என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

---

கன்மலை

தம்பி, நான் முதலில் எழுதியதை மறுபடி வாசித்துப் பார்த்தேன். வசனம் சரி, இடம் தப்பு. மன்னித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். யோவான்ஸ்நானன் சிறையிலிருந்து ஆள் அனுப்பி, "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா" என்று கேட்டார். யோர்தானில் வானம் திறந்ததைக் கண்டவர் கேட்கிற கேள்வி அது. இயேசு குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள் என்று பட்டியல் அனுப்பினார். ஏசாயா 61-ல் "சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை" என்று ஒரு வரி உண்டு. அந்தப் பட்டியலில் அது வரவில்லை. யோவான் கவனித்திருப்பார். அவர் சிறையிலேயே செத்தார். ஆனால் ஆட்கள் திரும்பிப் போனதும் ஜனங்களிடம் இயேசு அவரைப் பற்றிச் சொன்னது, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவரைவிடப் பெரியவன் இல்லை என்று. சந்தேகம் கேட்டு ஆள் அனுப்பிய அதே நாளில்.

இதை நான் பிரசங்கித்ததே இல்லை. இனிமேல் பிரசங்கிப்பேன்.

---

சூரைச்செடி

நேற்று ராத்திரி அப்போஸ்தலர் 12-ஐ நாலு தடவை வாசித்தேன். இரண்டாம் வசனம் அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்து பேதுருவின் கதையாகத்தான் கேட்டிருக்கிறேன், படத்தில் தூதனும் சங்கிலியும் மட்டும்தான் இருக்கும். யாக்கோபின் வீட்டாரும் அந்த அறையில் இருந்திருக்கலாம் இல்லையா? யோவான் இருந்திருந்தால்? அண்ணனைப் புதைத்துவிட்டு வந்து நண்பனுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கும்போது, நண்பன் மட்டும் உயிரோடு வாசலில் வந்து நிற்கிறான். அவன் முகம் எப்படி இருந்திருக்கும்? வார்டில் இரண்டு கட்டில் தள்ளி இருந்த சகோதரியின் சாட்சியை நான் கேட்டபோது என் முகம் எப்படி இருந்ததோ அப்படித்தான்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் படிக்கட்டில் இருந்து எழுந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு இன்று காலை ஒரு வரி ஜெபித்தேன். மாற்கு 9-ல் நோயாளிப் பிள்ளையைக் கொண்டுவந்த தகப்பன் சொன்னதுதான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அதற்குமேல் ஓடவில்லை.

---

ஒத்தவாக்கியம்

அவனுக்கும் அதற்குமேல் ஓடவில்லை தம்பி. பிள்ளை சுகமானான்.

ஆபகூக் 2:4 தெரியுமல்லவா, "தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்". அங்கே விசுவாசம் என்று வருகிற எபிரெயச் சொல் எமூனா. அதே சொல் யாத்திராகமம் 17:12-ல் வருகிறது, ஆனால் தமிழில் விசுவாசம் என்று மொழிபெயர்க்கவில்லை, மொழிபெயர்க்கவும் முடியாது. அமலேக்கியரோடு சண்டை நடக்கும்போது மோசேயின் கைகள் சூரியன் அஸ்தமிக்கும்வரைக்கும் "ஒரே நிலையாயிருந்தது" என்று வருகிறதே, அந்த நிலைதான் எமூனா.

அந்தக் கை தானாக நிற்கவில்லை. அசந்து இறங்கியது. ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்து அவரை அதன்மேல் உட்காரவைத்தார்கள். ஆரோன் ஒரு பக்கம், ஊர் என்பவர் ஒரு பக்கம் நின்று கையைத் தாங்கினார்கள். எபிரெயம் அதற்குக் கொடுத்த பேர்தான் ஆபகூக்கில் நாம் விசுவாசம் என்று வாசிக்கிற அதே சொல். உங்கள் அக்காவுக்காக நீங்கள் அடுத்தநாள் காலையில் ஜெபித்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கை இறங்கிய பிறகு.

---

சூரைச்செடி

வாலிபர் கூட்டத்தில் கிதியோனோடு இதையும் பேசலாம் என்று இருக்கிறேன். அந்தச் சகோதரியையும் கூப்பிட்டிருக்கிறேன். அவர் பயந்துகொண்டிருந்தாராம், என்னைப் பார்க்கும்போதெல்லாம் தான் பிழைத்ததே தப்போ என்று தோன்றுமாம். எனக்கு இது தெரியவே தெரியாது.

இன்னொன்று. வியாழக்கிழமை இரவு ஒன்பதுக்கு 88-ஆம் சங்கீதம் வாசிக்கலாமா, இங்கேயே? கடைசி வரி இருளில் முடிகிறதே, அதைத் தனியாக வாசிக்கத் தைரியம் இல்லை.

---

மெழுகுத்திரி

நான் வருகிறேன்.

---

ஞாயிறுப்பள்ளி டீச்சர்

அதற்குள் கண்ணாடி வந்துவிடும்.

---

வெறும்தாள்

எனக்கும் இடம் உண்டா? விசுவாசம் கொண்டுவர மாட்டேன், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

---

சூரைச்செடி

உட்கார ஒரு கல் கொண்டுவாருங்கள் சார், போதும்.